கடல்பாசிச் சாறு சேர்த்த முக ஜெல்: மூட்டை பிடிப்பதிலிருந்து லேபிள் ஒட்டுவது வரை

கடல்பாசி கையருகே கிடைக்கிறது, சோப்பும் ஜெல்லும் காய்ச்சத் தெரியும், இரண்டையும் சேர்த்து விற்றால் என்ன என்று யோசிப்பவர்களுக்கான குறிப்பு இது. மகளிர் குழுவாக இருந்தாலும் சரி, வீட்டில் சிறிதாகத் தொடங்குபவராக இருந்தாலும் சரி, இடறும் இடங்கள் ஒன்றேதான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்தத் தொழிலில் பாசிதான் மலிவான பொருள். செலவு வைப்பது சோதனையும் காகிதமும் காத்திருப்பும். அதனால் ஒரு பாசி, ஒரு தயாரிப்பு என்று தொடங்குங்கள். சோப்பு, க்ரீம், ஃபேஸ் பேக், ஷாம்பு என்று நான்கையும் ஒரே மாதத்தில் இறக்க நினைத்தால், சோதனைக் கட்டணத்தையும் நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

1. எந்தப் பாசி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'கடல்பாசி' என்பது ஒரு பொருளின் பெயரல்ல. காய்கறி என்று சொல்வது மாதிரி. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் போனால் தனித்தனிப் பெயர் சொல்வார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்பது ஜெலிடியெல்லா. கஞ்சிப்பாசி என்பது கிராசிலேரியா. இரண்டும் சிவப்பு வகை, அகர் என்ற கூழாக்கும் பொருளைத் தருபவை. கட்டைக்கோரை என்பது சர்காசம், பக்கோடாப் பாசி என்பது டர்பினேரியா. இவை பழுப்பு வகை, அல்ஜினேட் தருபவை. மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது கப்பாஃபைகஸ். ஊரில் இதற்குப் 'பெப்சி பாசி' என்று பெயர். இதிலிருந்து வருவது கராஜீனன்.

முதல் தயாரிப்புக்கு கப்பாஃபைகஸ் நல்ல தேர்வு. வளர்ப்புப் பாசி என்பதால் எந்த இடத்தில், எந்த மாதம் அறுத்தது என்று கேட்டால் பதில் கிடைக்கும். ஒரு சுற்று ஏறக்குறைய 45 நாள். சிவப்பு வகைகளில் ஆர்சனிக்கும் அயோடினும் பழுப்பு வகைகளைவிடப் பொதுவாகக் குறைவு. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

கட்டைக்கோரை, மரிக்கொழுந்து மாதிரி இயற்கையாக வளரும் பாசியை வாங்குவதானால் எங்கே எடுத்தது என்று கட்டாயம் கேளுங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் 21 தீவுகள் இருக்கின்றன. பூங்கா எல்லைக்குள் பாசி எடுக்கத் தடை. பில்லில் இடமும் இனமும் இல்லாத மூட்டை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பாசியை வணிகத்துக்குப் பயன்படுத்தும் நிறுவனம் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி மாநில உயிரியல் பல்வகைமை வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சாற்றை வெளியே வாங்குகிறீர்கள் என்றால், இதை விற்பவர் செய்திருக்கிறாரா, நீங்கள் செய்ய வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. என்ன பலன் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

தோலுக்குப் பாசி செய்யும் வேலைகளில் சந்தேகமில்லாதது ஒன்றுதான்: ஈரத்தைப் பிடித்து வைப்பது. கராஜீனன், அல்ஜினேட், அகர் எல்லாமே நீரை உறிஞ்சி வீங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். தோல்மீது மெல்லிய படலமாகக் காய்ந்து நீர் ஆவியாவதைத் தடுக்கும். தடவியதும் வழுவழுவென்று, கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது இந்தப் படலம்தான். கழுவினால் போய்விடும்.

இதற்கு மேலே சொல்லப்படும் பலன்கள் இனத்துக்கு இனம் மாறும். ஃபியூகஸ் வெசிகுலோசஸ் என்ற குளிர்கடல் பழுப்புப் பாசியின் சாற்றை 1 சதவீதம் சேர்த்த ஜெல்லை, தினம் இரு வேளை, ஐந்து வாரம் கன்னத்தில் தடவிப் பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. தோலின் நெகிழ்ச்சி கூடியதாகப் பதிவாகியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அது ஃபியூகஸுக்கான செய்தி. நம் கரையில் வளரும் கப்பாஃபைகஸுக்கு அந்த முடிவை எடுத்து ஒட்ட முடியாது. இணையத்தில் பாதி விளம்பரங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

பழுப்புப் பாசியில் உள்ள ஃப்ளோரோடானின், ஃபியூகாய்டன், ஃபியூகோசாந்தின் ஆகியவை ஆய்வகத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. சோதனைக் குழாயில் நடப்பது முகத்திலும் நடக்கும் என்பதற்கு அது மட்டும் போதாது. பொர்ஃபைரா போன்ற சிவப்புப் பாசிகளில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அமினோ அமிலங்கள் உண்டு. அதை வைத்து 'இயற்கை சன்ஸ்க்ரீன்' என்று எழுதிவிடாதீர்கள். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனை செய்யாமல் போடக்கூடாது.

அப்புறம் இந்தக் 'கடல்பாசிக் கொலாஜன்'. பாசியில் கொலாஜன் கிடையாது. கொலாஜன் விலங்குகளின் புரதம். 'மரைன் கொலாஜன்' என்று வருவது மீன் தோலிலும் செதிலிலும் எடுத்தது. அதைச் சேர்த்தால் லேபிளில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி போட முடியாது.

3. சாறு வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியவை

பாசியை வாங்கி நீங்களே அரைத்துக் கொதிக்கவைத்துச் சாறெடுப்பது முதல் தயாரிப்புக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் உப்பு, நிறம், நாற்றம் மூன்றும் மாறும். அழகுசாதனத் தரத்தில் கிளிசரின் கலந்த திரவச் சாறாகவோ தெளிப்பு உலர்த்திய பொடியாகவோ வாங்குங்கள்.

இங்கேதான் பெரிய பள்ளம். 'கடல்பாசிச் சாறு' என்று தேடினால் முதலில் வருவது உரக்கடைச் சரக்கு. பயிருக்குத் தெளிக்கும் அந்தத் திரவம் லிட்டர் விலையில் மிக மலிவு. அதில் பல பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு கரைத்து எடுத்தவை, காரத்தன்மை அதிகம். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள்களில் தோலுக்குத் தகாதவையும் அதில் இருக்கலாம். வாசனையும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துபோவது எளிது. பயன்பாடு 'வேளாண்மை' என்றிருந்தால் கேனைத் திறக்கவே வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை. பாசியின் முழு அறிவியல் பெயர். எதில் கரைத்து எடுத்தது, நீரா, கிளிசரினா, ப்ரோப்பிலீன் கிளைக்காலா. சாற்றில் திடப்பொருள் எத்தனை சதவீதம். ஏற்கெனவே சேர்த்திருக்கும் பதப்பொருளின் பெயரும் அளவும். பி.எச். அளவு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண். பாதுகாப்புத் தகவல் தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு வரும் அதே தொகுதி எண்ணுக்கான (பேட்ச் நம்பர்) பகுப்பாய்வுச் சான்றிதழ்.

'அதே தொகுதி எண்' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போன வருடம் எடுத்த ஒரே சான்றிதழை எல்லாருக்கும் அனுப்புவது சாதாரணமாக நடக்கிறது. கேனின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சான்றிதழில் 'கன உலோகம்: வரம்புக்குள்' என்று வெறும் சொல் இருந்தால் அது போதாது. ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நான்குக்கும் எண் வேண்டும்.

திடப்பொருள் சதவீதம் ஏன் தேவை? ஒரு திரவச் சாற்றில் 2 சதவீதம் மட்டுமே பாசிச் சத்து, மீதி கிளிசரினும் நீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஜெல்லில் 2 சதவீதம் சேர்த்தால் 1 கிலோவுக்கு 20 கிராம் சாறு, அதில் பாசி வெறும் 0.4 கிராம். '2 சதவீதம் கடல்பாசி' என்று டப்பாவில் எழுதினால் அது பொய்.

4. ஆர்சனிக், அயோடின்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

கடல்நீரில் உள்ளதைப் பாசி உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். பழுப்புப் பாசிகளில் ஆர்சனிக் அதிகம். அதில் பெரும்பகுதி ஆபத்து குறைந்த ஆர்சனோசர்க்கரை வடிவில் இருக்கும். ஆனால் சர்காசம் குடும்பத்தில் நச்சு மிகுந்த கனிம ஆர்சனிக் கூடுதலாக உள்ள இனங்கள் உண்டு. அதே குடும்பத்து ஹிஜிகி என்ற உணவுப் பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2004இல் எச்சரித்தது இதற்காகத்தான். கட்டைக்கோரை பயன்படுத்துவோர் மொத்த ஆர்சனிக்கோடு கனிம ஆர்சனிக்கையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள்.

தோல் க்ரீமுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 6608. அதில் கன உலோகம் ஈயமாகக் கணக்கிட்டு 20 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 20 பங்கு), ஆர்சனிக் அதன் ஆக்சைடாகக் கணக்கிட்டு 2 பி.பி.எம். உச்சவரம்பு. இவை தயாரான பொருளுக்கான வரம்புகள். ஒரு பாசிப் பொடியில் 30 பி.பி.எம். ஆர்சனிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை க்ரீமில் 2 சதவீதம் சேர்த்தால் 0.6 பி.பி.எம். ஆக்சைடாக மாற்றினால் ஏறக்குறைய 0.8. தப்பித்தீர்கள். அதே பொடியை ஃபேஸ் பேக்கில் 10 சதவீதம் சேர்த்தால் 3 பி.பி.எம்., ஆக்சைடாக 4-ஐ நெருங்கும். இதே வரம்பை வைத்துப் பார்த்தால் இரு மடங்கு. பொடி ஒன்றுதான், சேர்க்கும் அளவுதான் மாறியது. ஃபேஸ் பேக்கில் கைநிறையப் பாசிப் பொடி போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அயோடின் விஷயத்தில் பயமும் அதிகம், அலட்சியமும் அதிகம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கெல்ப் எனப்படும் குளிர்கடல் பழுப்புப் பாசியில் ஒரு கிராம் உலர் எடைக்கே அதைப் பல மடங்கு தாண்டும். 1, 2 சதவீதம் சாறு உள்ள ஜெல்லை முகத்தில் தடவுவதால் உள்ளே போவது மிகக் குறைவு. உடல் முழுக்கப் பாசிக் கூழ் பூசிச் சுற்றி வைக்கும் ஸ்பா முறை வேறு. காயம்பட்ட தோல், கைக்குழந்தையின் தோல் இரண்டும் வேறு. அங்கே அயோடின் எளிதாக உறிஞ்சப்படும். தைராய்டு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் பரந்த அளவில் பூசும்முன் மருத்துவரைக் கேட்கட்டும் என்ற வரியை லேபிளில் சேர்ப்பது நல்லது. 'காயத்தில் தடவ வேண்டாம்' என்ற வரி கட்டாயம்.

'எனக்கு இறால் அலர்ஜி, பாசி ஒத்துக்கொள்ளுமா?' என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகக் கேட்பார். இறால், நண்டு அலர்ஜிக்குக் காரணம் அவற்றின் தசைப் புரதம், அயோடின் அல்ல. பாசியில் அந்தப் புரதம் இல்லை. ஆனால் கடலில் எடுத்துக் கரையில் காயவைத்த பாசியில் குட்டி நண்டு, இறால் குஞ்சு, சிப்பித் துகள் ஒட்டியிருக்கும். உலர்ந்த பாசியைக் கையில் எடுத்து உதறிப் பாருங்கள், தாளில் உதிரும். சலிக்காமல் அரைத்த பொடி என்றால் 'இல்லை' என்று உறுதி சொல்லாதீர்கள்.

பழுப்புப் பாசிச் சாறுகளை ஆராய்ந்த அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக் குழு, பல இனங்களுக்கு 'பாதுகாப்பை முடிவு செய்யத் தரவு போதாது' என்றே சொல்லியிருக்கிறது. ஆபத்து என்று சொல்லவில்லை, தெரியாது என்கிறது. அபூர்வமான பாசியைத் தேடிப் போகாமல் நிறையப் பேர் பயன்படுத்தியதையே எடுங்கள் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

5. ஒரு கிலோ ஜெல்லுக்கு அளவு

எல்லாவற்றையும் கிராமில் எடை போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். 0.1 கிராம் காட்டும் தராசு போதும்.

- கனிமம் நீக்கிய நீர்: 912 கிராம்
- கிளிசரின்: 40 கிராம்
- கடல்பாசித் திரவச் சாறு: 20 கிராம்
- ஃபீனாக்சி எத்தனாலும் எத்தில்ஹெக்சில் கிளிசரினும் 9க்கு 1 கலந்த பதப்பொருள்: 10 கிராம்
- சாந்தன் கோந்து: 8 கிராம்
- சோடியம் பென்சோயேட்: 3 கிராம்
- டைசோடியம் ஈ.டி.டி.ஏ.: 1 கிராம்

இது 994 கிராம். மீதி 6 கிராம் சிட்ரிக் அமிலக் கரைசலுக்கும், ஆவியாகிப்போன நீரை ஈடுகட்டவும்.

நீரில் ஈ.டி.டி.ஏ.வையும் சோடியம் பென்சோயேட்டையும் கரைத்து, மூடி, 75 முதல் 80 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். சாந்தனை நேரடியாக நீரில் கொட்டினால் மீன்கண் மாதிரிக் கட்டிகள் விழும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. அதைக் கிளிசரினில் குழைத்து, நீரைக் கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். அரை மணி நேரம் விடுங்கள், வீங்கித் தெளியும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பாசிச் சாறும் பதப்பொருளும். 10 சதவீதச் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 5.0 முதல் 5.3-க்குள் கொண்டுவாருங்கள். மறுநாள் திரும்ப அளங்கள். பாசிச் சாற்றில் உள்ள உப்புகளால் ஒரே இரவில் பி.எச். கொஞ்சம் ஏறியிருக்கலாம். 5.5-ஐத் தாண்டினால் சோடியம் பென்சோயேட் வேலை செய்வது மளமளவென்று குறையும்.

ஒரு கிலோவில் 50 கிராம் டப்பா 20 வர வேண்டும். பாத்திரத்தில் ஒட்டுவது, பி.எச். பார்க்க எடுப்பது, பின்னால் பார்க்க எடுத்து வைக்கும் காப்பு மாதிரி எல்லாம் போக விற்க 18தான் மிஞ்சும். விலை போடும்போது 18ஆல் வகுங்கள்.

6. எங்கே கெடும், ஏன் கெடும்

ஜெல் தண்ணியாகிவிட்டது என்பதே அதிகம் கேட்கும் புகார். ஜெல்லைக் கெட்டியாக்க கார்போமர் போட்டிருப்பார்கள். கார்போமருக்கு உப்பு ஆகாது. பாசிச் சாறு ஊற்றிய மறுநிமிடமே தளர்ந்துவிடும். மேலே சாந்தன் சொன்னது அதற்காகத்தான், அது உப்பைத் தாங்கும்.

குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ பயன்படுத்தினால் வேறு தொல்லை. அல்ஜினேட் சேர்ந்த சாறு கால்சியத்தைக் கண்டால் கட்டிகட்டியாக உறையும். கராஜீனனிலும் வகை உண்டு. கப்பா வகையை பொட்டாசியம் உறைய வைக்கும், அயோட்டா வகையை கால்சியம். ராமநாதபுரம் மாவட்டத்துத் தண்ணீரின் உப்பைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹேர் கண்டிஷனரில் இதைப் போடாதீர்கள். கராஜீனனும் அல்ஜினேட்டும் எதிர்மின் சுமை கொண்டவை, கண்டிஷனரின் முக்கியப் பொருள் நேர்மின் சுமை கொண்டது. இரண்டும் பிடித்துக்கொண்டு நூல்நூலாகத் திரியும்.

பச்சை நிறம் பழுப்பாவது தவறல்ல, அது பச்சையத்தின் சுபாவம். வெயில் படாத டப்பா உதவும். ஆனால் கருநீலப் புள்ளிகள் வந்தால் இரும்புக் கலவையைச் சந்தேகியுங்கள். பழுப்புப் பாசியின் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். துருப்பிடித்த கரண்டி ஒன்று போதும்.

மீன் வாடை? சாறு புதிதாக இருக்கும்போதே லேசாகக் கடல் வாடை இருக்கும். நாள்பட நாள்படக் கூடினால், அல்லது புளித்த வாடை கலந்தால், அது கிருமி. பாசியின் சர்க்கரைகள் கிருமிகளுக்கு விருந்து. 'பதப்பொருள் இல்லாதது' என்று பெருமையாக எழுதிவிட்டு வைட்டமின் ஈ-யை நம்புகிறார்கள். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தொடாது. நீர் உள்ள எந்தப் பொருளிலும் பதப்பொருள் இல்லாமல் விற்பனைக்கு இறங்காதீர்கள். அதற்காக அளவைக் கூட்டவும் கூடாது. ஃபீனாக்சி எத்தனால் உச்சவரம்பு 1 சதவீதம். மேலே உள்ள அளவில் அது 0.9. வாங்கிய சாற்றிலேயே ஃபீனாக்சி எத்தனால் இருந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள்.

சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. காஸ்டிக் சோடாவில் செய்யும் சோப்பின் பி.எச். 9-க்கு மேல். சாற்றின் நுட்பமான சத்துகளில் பெரும்பகுதி அந்தக் காரத்தில் சிதையும். மிஞ்சுவதும் அரை நிமிடத்தில் சாக்கடைக்குப் போகும். சோப்பில் பாசிப் பொடி நிறத்துக்கும் லேசான உராய்வுக்கும்தான், எண்ணெய் எடையில் 1, 2 சதவீதம் போதும். 'சுருக்கம் போக்கும் பாசி சோப்பு' என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

7. சோதனை, செலவு, நாள் கணக்கு

ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாக இருக்காது, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. 'அழகுசாதனத்தில் ஆர்சனிக்' அவர்களின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். குடிநீருக்கு மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு.

முதலில் எடுக்க வேண்டியவை: பி.எச்., கன உலோகம், ஆர்சனிக், பாதரசம், மொத்தக் கிருமி எண்ணிக்கை, நோய்க்கிருமிகள். கிருமி எண்ணிக்கை கிராமுக்கு 1,000-ஐத் தாண்டக்கூடாது. கண்ணைச் சுற்றிப் போடும் பொருளுக்கு இன்னும் கடுமை, 100. தற்செயலாகக் கலக்கும் பாதரசத்துக்கு வரம்பு 1 பி.பி.எம்.

அடுத்தது பதப்பொருள் சவால் சோதனை. ஜெல்லில் வேண்டுமென்றே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விட்டு, பதப்பொருள் அவற்றைக் கொல்கிறதா என்று 28 நாள் பார்ப்பார்கள். செலவு அதிகம் என்று இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாசிப் பொருளில் மட்டும் இதை விடாதீர்கள். புதிதாகச் செய்த ஜெல்லில் கிருமி இல்லை என்ற சான்றிதழ், மூன்று மாதம் விரல் விட்டு எடுத்த டப்பாவைப் பற்றி எதுவும் சொல்லாது. பம்ப் பாட்டிலுக்கு மாறினால் பாதிக் கவலை குறையும்.

நிலைத்தன்மைச் சோதனையை நீங்களே தொடங்கலாம். விற்கப்போகும் அதே டப்பாவில் நிரப்பி, மூன்றை 40 டிகிரியிலும், மூன்றை அறை வெப்பத்திலும், மூன்றைக் குளிர்பெட்டியிலும், ஒன்றை ஜன்னல் வெயிலிலும் வையுங்கள். 1, 2, 4, 8, 12ஆம் வாரங்களில் நிறம், வாடை, தடிமன், பி.எச். குறித்து வையுங்கள். தேதி எழுதிய கைபேசிப் படம் ஒன்றும் சேர்த்தே.

தோலில் ஒட்டிவைத்து அரிக்கிறதா என்று பார்க்கும் ஒட்டுச் சோதனையை உங்கள் வீட்டார்மேல் செய்து 'யாருக்கும் அரிக்கவில்லை' என்று எழுதுவது சான்றாகாது. ஐ.எஸ். 4011 முறைப்படி ஆய்வகத்தில் செய்யுங்கள். விலங்குகளில் சோதிப்பது இந்தியாவில் 2014 முதல் தடை. அதனால் 'விலங்குகளில் சோதிக்கப்படாதது' என்பது உங்கள் தனிச்சிறப்பல்ல, சட்டம்.

செலவை இப்படிப் பாருங்கள். சாறு கிலோ 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் டப்பாவில் 1 கிராம், அதாவது 3 ரூபாய். டப்பாவும் லேபிளும் அதைவிடக் கூட ஆகும். சோதனைகள் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்தால், 500 டப்பாவில் பரப்பினால் ஒன்றுக்கு 80 ரூபாய். 18 டப்பாவில் பரப்பினால் 2,222 ரூபாய். வாசனை மட்டும் மாற்றிய இரண்டாவது ஜெல் என்றாலும் ஆய்வகத்துக்கு அது புதுப் பொருள், மீட்டர் மறுபடி ஓடும்.

நாள் கணக்கு: நிலைத்தன்மை 12 வாரம், அதற்குள்ளேயே சவால் சோதனையின் 28 நாளும் அடங்கும்படி இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். சாறு மாதிரி வாங்கிச் சரிபார்க்கும் நாட்களையும் சேர்த்தால் நான்கு மாதத்துக்குக் குறைந்து முடியாது. தீபாவளிக்கு விற்க நினைத்தால் ஜூனிலேயே கலவை முடிவாகியிருக்க வேண்டும்.

8. உரிமம்

'கையால் செய்தது', 'வீட்டில் செய்தது', 'இயற்கையானது' என்பதற்கெல்லாம் விலக்கு இல்லை. விற்கும் அழகுசாதனம் எதுவானாலும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் பொருந்தும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம் மூன்றும் இருந்தாலும் இதற்கு ஈடாகாது. பாசி சாப்பிடும் பொருள்தானே என்று உணவு உரிமத்தை வைத்துக்கொண்டு க்ரீம் விற்பது சிக்கலில் மாட்டும்.

வழிகள் மூன்று. சொந்த இடத்தில் தயாரிக்க சி.ஓ.எஸ். 5 படிவத்தில் விண்ணப்பித்தால் சி.ஓ.எஸ். 8 உரிமம் வரும். தமிழ்நாட்டில் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. உரிமம் உள்ள இன்னொருவரின் கூடத்தில் நீங்கள் தயாரிப்பதானால் கடன் உரிமம்: சி.ஓ.எஸ். 6 விண்ணப்பம், சி.ஓ.எஸ். 9 உரிமம். மூன்றாவது, உரிமம் உள்ளவரே தயாரித்து உங்கள் பெயரில் கொடுப்பது. லேபிளில் தயாரிப்பாளர் அவர், சந்தைப்படுத்துபவர் நீங்கள்.

முதல் தயாரிப்புக்கு மூன்றாவது வழிதான் கைக்கு அடக்கம். சொந்த உரிமத்துக்குத் தனிக் கூடம், கழுவக்கூடிய தரையும் சுவரும், இடத்தின் வரைபடம், வாடகை ஒப்பந்தம், இயந்திரப் பட்டியல், முழுநேரத் தொழில்நுட்பப் பணியாளர் எல்லாம் வேண்டும். பணியாளருக்கு மருந்தியல் பட்டயமோ, வேதியியலுடன் மேல்நிலைக் கல்வியோ இருக்க வேண்டும். வீட்டுச் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பினால் நடக்காது. உரிமம் வந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தேதியை எங்காவது பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

தயாரித்துக் கொடுப்பவரிடம் போனால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: நீங்கள் ஒப்புக்கொண்ட பாசிச் சாற்றை உங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது. ஒவ்வொரு தொகுதிக்கும் சான்றிதழ் நகல் தர வேண்டும். மலிவான சாறு கிடைத்தால் மாற்றிவிடுவது புதிய கதையல்ல.

9. லேபிள்

பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், தயாரித்த மாதமும் வருடமும், எதற்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்யத் தொலைபேசியும் மின்னஞ்சலும். பொருட்களின் பட்டியல் எடையில் இறங்குவரிசையில் வர வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை முன்பின்னாக எழுதலாம். மேலே சொன்ன ஜெல்லில் திரவச் சாற்றின் உள்ளடக்கத்தைப் பிரித்து எழுதுங்கள்: அதிலுள்ள நீர் நீரோடும், கிளிசரின் கிளிசரினோடும் சேரும். பாசி கீழே இறங்கிவிடும். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் இடம் அங்கேதான்.

'சொரியாசிஸ் குணமாகும்', 'எக்ஸிமாவுக்கு', 'தைராய்டுக்கு நல்லது' என்ற சொற்கள் வந்த நிமிடமே அது அழகுசாதனம் அல்ல, மருந்து. அதற்கு வேறு சட்டம். 'ஈரப்பதம் காக்கும்', 'தோலை மென்மையாக வைக்கும்' வரை சொல்லலாம். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரப் படத்துக்கும் இதே கணக்குதான், உங்கள் பெயர் அதில் இருப்பதால்.

10. விற்ற பிறகு

ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு டப்பாவை மூடியபடி எடுத்து வையுங்கள், 'எதற்குள் பயன்படுத்த' என்ற தேதி முடியும்வரை. 'முகம் சிவந்துவிட்டது' என்று அழைப்பு வந்தால் முதலில் உடனே கழுவி நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு தொகுதி எண்ணைக் கேட்டுக் குறித்து, காப்பு மாதிரியின் பி.எச்., வாடை இரண்டையும் அன்றே பாருங்கள். ஒருவருக்கு மட்டும் வந்தால் அவர் தோல். ஒரே தொகுதியில் மூன்று பேருக்கு வந்தால் அந்தத் தொகுதியை விற்பனையிலிருந்து எடுத்து, சாற்றுக் கேனின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகச் சரக்குப் பிடிக்கும் காலம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும், மிதவைகள் கரைக்கு வந்துவிடும், வளர்ப்பு குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புதுப் பாசி வரத்தை நம்பி ஆர்டர் எடுக்காதீர்கள். செப்டம்பருக்குள் ஒரே தொகுதி எண்ணில் நான்கு மாதத்துக்கான சாற்றை வாங்கி, வெயில் படாமல் மூடி வையுங்கள். கேனைத் திறந்த தேதியை மார்க்கரில் கேன்மேலேயே எழுதிவிடுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.